பச்சை மரத்தில் கிண்ணக் கட்டை அறுக்க: எந்த பேண்ட்சா, எந்த பிளேடு?

பேண்ட்சா என்பது, இரண்டு சக்கரங்கள்மீது வளையமாக ஓடும் பல் பட்டையால் மரம் அறுக்கும் மெஷின். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது சக்கரத்தின் அளவைத்தான். 10 அங்குலமா, 14 அங்குலமா, 18 அங்குலமா? விளம்பரத் தாளிலும் அதுவே பெரிய எழுத்தில் இருக்கும். பலகை கிழிக்கும் தச்சருக்கு அந்த எண் ஓரளவு உதவும். பச்சை மரத்தில், அதாவது வெட்டிக் காயாத ஈர மரத்தில், கிண்ணம் கடைகிறவருக்கு அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் சிறிய எழுத்தில் கீழே கிடக்கும். மேசைக்கும், பிளேடை விலகாமல் பிடிக்கும் மேல் கைடுக்கும் நடுவே எவ்வளவு உயரமான கட்டை நுழையும் என்பதுதான் அது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். கிண்ணக் கட்டையை வழக்கமாக எப்படி எடுக்கிறோம்? உருண்டைத் தடியை அதன் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்குத் துண்டாக்குகிறோம். பிறகு நடுமையத்தின் வழியாகச் செயின்சாவால் இரண்டாகப் பிளக்கிறோம். தடியின் விட்டம் 14 அங்குலம் என்றால் ஒவ்வொரு பாதியும் 7 அங்குல உயரம். வெடிப்புக்கு வழிவகுக்கும் நடுமையத்தை நீக்க அரை அங்குலம் சீவினாலும் 6½ அங்குலம் மிச்சம். பழைய பாணி 14 அங்குல வார்ப்பிரும்பு மெஷின்களில் நுழையும் உயரம் 6 அங்குலம்தான். ஆக, ‘14 அங்குல பேண்ட்சா’ என்ற பெயரைத் தாங்கிய மெஷினில் 14 அங்குலத் தடியின் பாதி நுழையாது. மேற்புறத்தைக் கொஞ்சம் வெட்டித் தட்டையாக்கி நுழைக்கலாம். ஆனால் கிண்ணத்தின் ஆழத்தில் கை வைத்ததாகிவிடும்.

இதற்கு நேர்மாறாக, பிளேடுக்கும் பக்கத்தூணுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி அநாவசியமாகக் கவலைப்படுகிறார்கள். 14 அங்குல மெஷினில் அது ஏறத்தாழ 13½ அங்குலம் இருக்கும். வட்டம் வெட்டும்போது கிண்ணக் கட்டையின் பெரும்பகுதி தூணுக்கு எதிர்ப்பக்கம் வெளியேதான் சுற்றுகிறது. தூண் பக்கம் வருவது கழிவு மூலைகள் மட்டுமே. 14 அங்குலச் சதுரத்தில் வட்டத்துக்கு வெளியே துருத்தும் மூலை 3 அங்குலத்தைத் தாண்டாது. எனவே உள்ளே இடம் போதவில்லை என்ற நிலை கிண்ண வேலையில் அபூர்வம். உயரம், மோட்டாரின் வலு, மேசையின் தாங்குதிறன் என்ற மூன்றில்தான் மெஷின் தோற்கும்.

மேசையைச் சும்மா சொல்லவில்லை. பச்சை மரம் பல வகைகளில் நீரின் அடர்த்தியை ஒட்டியே இருக்கும். மேலே சொன்ன 14 அங்குலப் பாதித் துண்டு 17, 18 கிலோ வரும். அதைத் தூக்கி வைக்கும்போது ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டித்தான் வைப்போம். மேசை வார்ப்பிரும்பாக இருந்து, அதைத் தாங்கும் சாய்மானப் பிடி மெல்லிய கலப்பு உலோகமாக இருந்தால், கொஞ்ச நாளில் மேசை ஆட்டம் காணும். வாங்கும்போது மேசையின் வெளி ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றி உடல் எடையைக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அடுத்ததைப் பார்க்கலாம்.

மெஷின்கள்

9, 10 அங்குலச் சிறு மெஷின்களை இரண்டே வரியில் தள்ளிவிடலாம். அவற்றின் உயரமும் போதாது, மோட்டாரும் போதாது. பொம்மை, சாவிக்கொத்து, காய்ந்த சிறு கட்டை ஆகியவற்றுக்கு நல்லவை. மூன்று சக்கரம் வைத்த மெஷின்களும் வேண்டாம். சிறிய உடலில் பெரிய இடைவெளி தருவதாகச் சொல்லி விற்பார்கள். சக்கரங்கள் சிறியவை என்பதால் பிளேடு கடுமையாக வளைந்து வளைந்து சீக்கிரம் விண்டு போகும்.

உண்மையான போட்டி மூன்று வகைகளுக்குள்தான். முதலாவது, இரண்டு துண்டாக வார்த்த உடலைக் கொண்ட பழைய பாணி 14 அங்குல மெஷின். பழைய சந்தையில் எளிதாகக் கிடைக்கும், உதிரிபாகமும் கிடைக்கும். உயரம் போதாது என்பவர்களுக்கு உடலின் நடுவே சொருகும் ரைசர் பிளாக் உண்டு. அதைப் போட்டால் உயரம் 6 அங்குலத்திலிருந்து 12 ஆகும்; பிளேடின் நீளமும் 93½ அங்குலத்திலிருந்து 105 அங்குலமாக மாறும். கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் உயரத்தோடு மோட்டார் வளர்வதில்லை. முக்கால் குதிரைத்திறனோ ஒன்றோதான் அதில் இருக்கும். ஈரமான கட்டையில் 8 அங்குல ஆழம் போனதும் மோட்டார் முனகத் தொடங்கும், பெல்ட் வழுக்கும். உடல் நீண்டதால் பிளேடை முறுக்கும்போது சட்டகமும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். 10, 11 அங்குலக் கிண்ணத்தோடு நிற்கிறவருக்கு ரைசர் பிளாக்கே தேவையில்லை. அதற்கு மேல் போகிறவருக்கு அது அரைகுறைத் தீர்வு.

இரண்டாவது, இரும்புத் தகட்டை மடித்துப் பற்றவைத்த உடலைக் கொண்ட 14 அங்குல மெஷின். உயரம் 10 முதல் 13 அங்குலம் வரை. மோட்டார் ஒன்றரை முதல் இரண்டு குதிரைத்திறன் வரை. உடல் விறைப்பாக இருப்பதால் அரை அங்குல பிளேடை ஒழுங்காக இழுத்துக் கட்டலாம். கிண்ணம் கடைகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே சரி என்பது என் கருத்து. இதிலும் ஒரு கண் தேவை: 12 அங்குல உயரம் என்று எழுதிவிட்டு ஒரே குதிரைத்திறன் மோட்டாரைப் பொருத்தியிருப்பார்கள். நுழைவது வேறு, அறுபடுவது வேறு.

மூன்றாவது, 18 அங்குலமும் அதற்கு மேலும். 3 குதிரைத்திறன் மோட்டார் இந்த அளவில் சாதாரணம். சக்கரம் பெரிது என்பதால் தடித்த பிளேடும் நிம்மதியாக ஓடும். 10 அங்குல உயரமுள்ள ஈரக் கட்டையை இது தயங்காமல் அறுக்கும். பட்டறையில் இடமும், அதற்கேற்ற மின் இணைப்பும், வாரந்தோறும் வேலையும் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். பழைய மரவாடி மெஷின் மலிவாக வந்தால் ஆசை வரும். அதில் மும்முனை மின்சார மோட்டார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பேரிங்கின் சத்தத்தைக் கேளுங்கள். பிளேடை இழுக்கும் ஸ்பிரிங் நசுங்கித் தொய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். ரப்பர் டயர் வெடித்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். சக்கரமே கோணியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிளேடு

மெஷினுக்குச் செலவழிக்கும் யோசனையில் கால்வாசியைக்கூடப் பிளேடுக்கு யாரும் செலவழிப்பதில்லை. மெஷினோடு வந்த பிளேடைப் போட்டு, நாலு கட்டை அறுத்து, புகை வந்ததும் மெஷினைத் திட்டுகிறார்கள். ஒன்றரைக் குதிரைத்திறன் மெஷினில் சரியான பிளேடு செய்கிற வேலையை, 3 குதிரைத்திறன் மெஷினில் தவறான பிளேடால் செய்ய முடியாது.

பச்சை மரத்துக்குள் நடப்பது இதுதான். மர இழைகளின் சுவர் தாங்கக்கூடிய ஈரம், காய்ந்த எடையில் ஏறத்தாழ 30 சதவீதம். புதிதாக வெட்டிய மரத்தில் அதற்கும் மேல் தண்ணீர் இழைக்குழாய்களுக்குள் தளும்பிக்கொண்டிருக்கும். சில மரங்களில் தண்ணீரின் எடை மரச்சத்தின் எடையையே மிஞ்சும். பல் கடித்தெடுக்கும் துகள் ஈரத்தோடும் பசையோடும் வருகிறது. 7 அங்குல உயரமான கட்டையில், அங்குலத்துக்கு 3 பல் என்றால், எந்தக் கணமும் 21 பற்கள் மரத்துக்குள் இருக்கின்றன. மேலே நுழைந்த பல், தான் எடுத்த துகளைக் கீழே வெளியேறும்வரை தன் முன்னுள்ள பள்ளத்தில் சுமந்தாக வேண்டும். பள்ளம் நிறைந்துவிட்டால் அந்தப் பல் அதற்கு மேல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் பசை பிளேடில் அப்பும். அங்குலத்துக்கு 6 பல் உள்ள பிளேடைப் பச்சை மரத்தில் ஓட்டுவது ஈர மாவைச் சன்னக் கண் சல்லடையில் சலிப்பது போன்றது.

ஆகவே அங்குலத்துக்கு 3 பல். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மிக உயரமான கட்டைகளையே எப்போதும் அறுப்பவர் 2 பல்லுக்குப் போகலாம். 4 பல் சிறு கட்டைக்குச் சமாளிக்கும். ‘வெட்டு முகம் சொரசொரப்பாக வருமே’ என்று தயங்க வேண்டியதே இல்லை. கடைசல் எந்திரத்தில் ஏற்றியதும் முதல் இழுப்பிலேயே அந்த முகம் சீவலாகப் பறந்துவிடும்.

பல்லின் வடிவத்தில் இரண்டைப் பார்க்கலாம். நேராக நிற்கும் பல்லும் அகலமான இடைவெளியும் கொண்டது ‘ஸ்கிப்’. முன்னோக்கிச் சற்றே சாய்ந்து, கொக்கிபோல் கடிப்பது ‘ஹுக்’. உயரமான ஈரக் கட்டையில் ஹுக் வேகமாக உள்ளிழுக்கும். மோட்டார் வலுவாக இருந்தால் அதையே எடுங்கள். மோட்டார் ஒரு குதிரைத்திறனை ஒட்டியிருந்தால் ஸ்கிப் சாந்தமாக வேலை செய்யும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பல் எண்ணிக்கையில் செய்யும் தவறு அளவுக்குப் பெரிதல்ல.

பலரும் கவனிக்காதது செட். பற்களை இடமும் வலமுமாகச் சாய்த்திருக்கிறார்களே, அந்தச் சாய்வு. பிளேடின் உடலைவிட வெட்டுத் தடம் எவ்வளவு அகலம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஈர இழை வெட்டுப்பட்டதும் விரிந்து, தடத்தைக் குறுக்கப் பார்க்கும். செட் குறைந்த பிளேடு அதில் இறுகும். வளைவில் திருப்பவும் முடியாது. மெல்லிய பலகை கிழிப்பதற்கென்று ‘குறைந்த சேதாரம்’ என்ற பெயரில் விற்கும் பிளேடுகள் காய்ந்த மரத்தில் அருமையானவை. அவற்றைப் பச்சைக் கட்டைப் பக்கம் கொண்டுவராதீர்கள். பச்சை மரத்துக்கென்றே தாராளமான செட்டோடு செய்கிற பிளேடுகள் கிடைக்கின்றன. கிடைத்தால் அவையே முதல் தேர்வு.

அகலத்துக்கு வருவோம். கால் அங்குல பிளேடு ⅝ அங்குல ஆரத்தில்கூடத் திரும்பும். ஆனால் ஆழமான வெட்டில் வளைந்துபோய், மேலே வட்டமாகவும் கீழே முட்டையாகவும் கட்டையைத் தரும். ⅜ அங்குலம் ஏறத்தாழ 1½ அங்குல ஆரத்தில் திரும்பும். அரை அங்குலத்துக்கு 2½ அங்குல ஆரம் தேவை. அதாவது கணக்குப்படி 5 அங்குலம் வரை சிறிய வட்டத்தை வெட்டலாம். முக்கால் அங்குலத்துக்கு 5½ அங்குல ஆரம். இவை நல்ல செட்டும் காய்ந்த மரமும் இருக்கும்போது கிடைக்கும் கணக்குகள். ஈர மரத்தில் தாராளமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். 8 அங்குலத்துக்கு மேற்பட்ட கிண்ணங்களையே பெரும்பாலும் செய்பவருக்கு அரை அங்குலம். சிறியதும் பெரியதுமாகக் கலந்து செய்பவருக்கு ⅜. 14 அங்குல மெஷினில் முக்கால் அங்குலத்தை மாட்ட முடியும் என்று கையேடு சொல்லும். மாட்டலாம், போதிய இழுவிசையோடு முறுக்கத்தான் முடியாது.

தடிமனில் விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். .025 அங்குலம், .032 அங்குலம் என்ற இரண்டு தடிமன்கள் அதிகம் புழங்குகின்றன. தடித்தது விறைப்பானது, கட்டைக்குள் அலையாது. ஆனால் 93½ அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் ஓடினால், நிமிடத்துக்கு 385 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரங்கள்மீதும் வளைந்து நிமிர்கிறது. சிறிய சக்கரத்தில் தடித்த பிளேடு, பல் மழுங்குவதற்கு முன்பே பள்ளத்தின் அடியில் மயிரிழை விரிசல் கண்டு அறுந்துபோகும். 14 அங்குலச் சக்கரத்துக்கு அரை அங்குல அகலமும் .025 தடிமனும், 18 அங்குலத்துக்கு .032 தடிமனும் என்பது என் வழக்கம். அகலம் குறைந்த ⅜ பிளேடை .032 தடிமனில் 14 அங்குல மெஷினில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்டு நேராக வருகிறது. பிளேடின் ஆயுள் குறைகிறது. தெரிந்தே செய்கிற பேரம் அது.

உலோகத்தில் மூன்று தேர்வு: கார்பன் எஃகு, பைமெட்டல், கார்பைடு. கார்பைடை முதலிலேயே கழித்துவிடலாம். மரப்பட்டையில் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும். உள்ளே பழைய ஆணியும் இருக்கலாம். கார்பைடு முனை கடினமானது, ஆனால் சில்லுச் சில்லாக உடையும். விலை கொடுத்து வாங்கிய பிளேடை ஒரு ஆணியில் தொலைக்க வேண்டாம். பைமெட்டலில் வளையும் எஃகு முதுகில் அதிவேக எஃகுப் பல்விளிம்பு பற்றவைக்கப்பட்டிருக்கும். சூடு தாங்கும், கூர் நீடிக்கும். ஆனால் அதற்குரிய இழுவிசை அதிகம். பழைய வார்ப்பிரும்பு மெஷினின் ஸ்பிரிங் அதைத் தருவது கடினம். கார்பன் எஃகு மலிவு, சீக்கிரம் மழுங்கும். அழுக்குப் பட்டையோடு அறுப்பவர் மலிவான கார்பன் பிளேடுகளை அடுக்கிவைத்துக்கொண்டு, மழுங்கியதும் மாற்றிக்கொண்டே போவதுதான் புத்திசாலித்தனம். தடியைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, மண் ஒட்டிய பட்டையைச் செதுக்கிவிட்டு அறுக்கும் பொறுமையும் விறைப்பான மெஷினும் இருந்தால் பைமெட்டல் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

பிளேடு மழுங்கியதைக் கண்டுபிடிக்க பல்லின் கூர்மையைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. துகளைப் பாருங்கள். கூரான 3 பல் பிளேடு ஈர மரத்திலிருந்து கொரகொரப்பான துகளைத் தள்ளும். விரலில் எடுத்தால் இழை தெரியும். அது சேறுபோல் நைந்து வரத் தொடங்கினால், கட்டையைத் தள்ளும் கையில் அழுத்தம் கூடிவிட்டிருக்கும். வெட்டு முகமும் நடுவில் வயிறு தள்ளியிருக்கும். அதற்கு மேல் தள்ளுவதில் அர்த்தமில்லை, மாற்றிவிடுங்கள்.

கைடும் பசையும்

பேரிங் கைடுகள் காய்ந்த மரத்துக்கு நேர்த்தியானவை. ஈர மரத்தில் அவை உருளும்போதே தூளைப் பிளேடின்மேல் அழுத்தி அப்பிவிடுகின்றன. பசை உள்ளே புகுந்தால் பேரிங்கே இறுகி நின்றுவிடும். பீங்கான் கட்டை கைடுகள் ஒட்டியதைச் சுரண்டிவிடுவதால் இந்த வேலைக்கு மேல். எண்ணெய்ப் பிசுக்குள்ள கடினமான மரத்தில் நாமே அறுத்துக்கொள்ளும் கைடு கட்டைகளும் நன்றாகவே உழைக்கின்றன, தேய்ந்தால் இன்னொன்று.

கீழ்ச் சக்கரம்தான் அதிகம் பாடுபடும். ரப்பர் டயரில் ஒரே இடத்தில் ஈரத்தூள் மேடுகட்டிவிட்டால், சுற்றுக்கொரு முறை டக்கென்று பிளேடு உதறும். பலரும் அதைப் பிளேடின் பற்றவைப்பில் உள்ள கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சக்கரத்தைத் தொட்டபடி ஒரு தூரிகையைப் பொருத்தினால் போதும். வேலை முடிந்த அன்றே கதவைத் திறந்து தூளை வாரிவிட வேண்டும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரம் என்றால் ஓர் இரவிலேயே மேசை கருநீலமாகக் கறுத்துத் துருவேறும். மேசைக்கு மெழுகு, பிளேடுக்கு, மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு பூச்சு எண்ணெய்.

அறுக்கும்போது

உருண்டைத் தடியை அப்படியே மேசையில் வைத்து அறுக்கக் கூடாது. பிளேடு கீழ்நோக்கி இழுக்கிறது. அடியில் தட்டையான முகம் இல்லாவிட்டால் தடி சட்டென்று உருண்டு, பிளேடையும் முறுக்கி, கையையும் இழுத்துக்கொண்டு போகும். பிளந்த பாதியைத் தட்டையான முகம் அடியில் இருக்கும்படி வைக்க வேண்டும். அந்த முகம் ஆடாமல் படிகிறதா என்று நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மரப்பட்டையின் வளைவில் வட்டம் வரைவது சிரமம். மெல்லிய பிளைவுட் வட்டம் ஒன்றை நடுவில் சிறு ஆணியால் அடித்துக்கொண்டால் அதன் ஓரத்தைப் பின்பற்றலாம்.

இந்த வெட்டில் சுமை ஒரே சீராக இருப்பதில்லை. தடியின் இரு முனைகளில், அதாவது இழைக்குக் குறுக்காக வெட்டும் இடத்தில், உயரம் முழு 7 அங்குலம். பக்கவாட்டில் இழையோடு போகும் இடத்தில் வளைவு சரிந்து, உயரம் ஒன்றிரண்டு அங்குலமாகிவிடும். பக்கத்தில் கிடைத்த வேகத்தோடு முனைக்கு வந்தால் பிளேடு திணறும். இடைப்பட்ட சாய்வில் பிளேடு கோட்டை விட்டு இழையின் போக்கில் நழுவப் பார்க்கும். முனைகளில் நிதானம், பக்கங்களில் பிடிமானம். கைடும் மறைப்பும் உச்சியின் உயரத்துக்கு ஏற்றியே இருக்க வேண்டியிருப்பதால், பக்கங்களை வெட்டும்போது பல அங்குல பிளேடு மூடாமல் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். அங்கேதான் கை அசந்துபோகிறது.

மூலைகளை முதலில் நேர்வெட்டாகச் சீவி எட்டுப் பக்கமாக்கிவிட்டு வட்டத்துக்கு வந்தால், சிறிய மெஷினும் மூச்சு வாங்காமல் முடிக்கும். உண்மையைச் சொன்னால், அந்த எண்கோணத்தோடு நிறுத்திக்கொள்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. எப்போதாவது ஓரிரு கிண்ணம் கடைகிறவர், தடியைப் பிளந்த அதே செயின்சாவால், கட்டையை அசையாமல் கட்டிவைத்து, மூலைகளையும் வெட்டிவிட்டு நேராகக் கடைசல் எந்திரத்தில் ஏற்றலாம். குறைந்த வேகத்தில் தொடங்கினால் மிச்சமுள்ள மூலைகள் சீக்கிரமே உளிக்குப் பணிந்துவிடும். அவருக்கு பேண்ட்சாவே தேவையில்லை. அதற்கு வைத்திருக்கும் பணத்தைக் கனமான கடைசல் எந்திரத்துக்குச் சேர்க்கலாம். ஒரு பக்கம் கனத்துக் குலுங்கும் ஈரக் கட்டையைத் தாங்க அந்த எடைதான் வேண்டும்.